அடியில் என்ன எழுதியிருக்கு?

கள்ளக்குறிச்சி நண்பர் போன் செய்தார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைப் ‘பழைய சாமான் பைத்தியம்’ என்று கேலி செய்யும் கோஷ்டியில் அவர்தான் தலைவர். அவரே, ‘‘அந்தப் பூதக்கண்ணாடியை எடுத்துக்கிட்டு ஒரு நடை வாங்க சார். அக்கா வீட்டுல ஒரு தட்டு இருக்கு. வெள்ளியான்னு பார்த்துச் சொல்லணும்’’ என்றதும் எனக்கு ஆச்சரியம்.

பைத்தியம் என்பது உண்மைதான். சென்னை மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து போவதற்கு முன்பு, பழைய புத்தகம் வாங்கப் போய் பழைய கரண்டியோடு வீடு திரும்பியவன் நான். கரண்டியைவிட அதன் முதுகில் குத்தியிருக்கும் முத்திரை எனக்குப் பிடிக்கும். ஒரு அரிசி அகல இடத்தில் ஒரு பிறை, ஒரு கிரீடம், ஓர் எண், ஒரு பட்டறையின் அடையாளம். செய்தவன் செத்து நூறு வருஷம் ஆகியிருக்கும். ‘இது நான் செய்தது’ என்று அவன் சொன்னது மட்டும் அழியாமல் இருக்கும்.

மறுநாள் காலையில் கள்ளக்குறிச்சியில் இறங்கினேன். நண்பர் காரோடு காத்திருந்தார். அக்கா இருப்பது கல்வராயன் மலையில், வெள்ளிமலையில். அவர் கணவர் மலைப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். அவர் காலமான பிறகும் அக்கா மலையை விட்டு இறங்கவில்லை.

போகிற வழியில் ஒரு மரச்சிற்பப் பட்டறையில் காரை நிறுத்தினார் நண்பர். பூஜை அறைக் கதவு செய்யக் கொடுத்திருக்கிறாராம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது ஞாபகம் இருக்கலாம். உள்ளே வாகை மரத்தூள் வாசனை. ஒருவர் தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு யாளியின் பிடரி மயிரைச் சுருள் சுருளாக எடுத்துக்கொண்டிருந்தார்.

‘‘இதுல உங்க பேர் எங்க வரும்?’’ என்று கேட்டேன்.

சிரித்தார். ‘‘சாமி கதவுல நம்ம பேரா? அதெல்லாம் போடறதில்லீங்க.’’

‘‘அப்புறம், யார் செஞ்சதுன்னு எப்படித் தெரியும்?’’

‘‘பலகை வெடிச்சுதுன்னா தெரிஞ்சிடும் சார். நேரா இங்கதான வருவாங்க!’’

முத்திரைகளைப் பற்றி நான் வருஷக்கணக்காகப் படித்ததில் பாதி, அந்த ஒரு பதிலில் இருந்தது. வாங்கியவனுக்குப் பட்டறைக்கு வழி தெரியும் என்றால் முத்திரை எதற்கு? முகம் போதும். பொருள் ஊர் தாண்டி, முகம் தெரியாத ஆளின் கைக்குப் போகும்போதுதான், அந்த முகத்துக்குப் பதிலாக ஏதாவது ஒன்று கூடவே போக வேண்டியிருக்கிறது.

கார் கிளம்பியது. ‘‘கருணாபுரம் இந்த ஊர்லதான் சார்’’ என்றார் நண்பர். பிறகு சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. 2024 ஜூன் மாதம் நடந்தது. பாக்கெட் சாராயம். அதில் மெத்தனால். 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். பலர் கூலி வேலைக்குப் போகிற ஜனங்கள். மெத்தனாலும் தண்ணீர் போலத்தான் இருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு சோப்புக் கட்டியில், ஒரு தீப்பெட்டியில்கூட யார் செய்தது என்று போட்டிருக்கிறது. அந்த பாக்கெட்டில் ஒருத்தன் பெயரும் இல்லை. விற்றவன் கையைப் பிடித்து, அவனுக்குக் கொடுத்தவனைப் பிடித்து, அவனுக்கும் மேலே என்று போலீஸ் ஏணி ஏற வேண்டியிருந்தது. செய்தவன் பெயர் இல்லாத பொருள் என்றால் என்ன அர்த்தம் என்று யாராவது கேட்டால், எனக்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

கச்சிராயபாளையம் தாண்டும்போது நண்பரே பேச்சை மாற்றினார். ‘‘அப்படி அந்த முத்திரையில என்னதான் சார் இருக்கு?’’

கேட்டிருக்கக் கூடாது. கோமுகி அணை வரும்வரை நான் வாயை மூடவில்லை.

இங்கிலாந்தில் 1300-ல் ஒரு சட்டம் வந்தது. சோதித்துத் தேறிய வெள்ளியில் சிறுத்தைத் தலை முத்திரை குத்த வேண்டும் என்று. கலப்படம் நிற்கவில்லை. 1363-ல், ஒவ்வொரு தட்டானும் தனக்கென்று ஒரு முத்திரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று இன்னொரு சட்டம். யார் கழுத்தைப் பிடிப்பது என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கலைஞன் பெருமையாகக் கையெழுத்துப் போட்டான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நிஜத்தில் அது சப்-இன்ஸ்பெக்டருக்குக் கொடுத்த கைரேகை.

ஜெர்மனியில் ஊருக்கு ஒரு முத்திரை இருந்தது. ஆக்ஸ்பர்க் நகரத்துக்கு ஒரு பைன் மரக் காய். நாடு ஒன்றான பிறகு 1884-ல் சட்டம் போட்டு, 1888 ஜனவரி முதல் எல்லோருக்கும் பொதுவாகப் பிறையும் கிரீடமும் என்று வைத்தார்கள். பக்கத்தில் 800 என்றோ அதற்கு மேலோ எண். அதாவது ஆயிரத்தில் 800 பங்கு வெள்ளி. அதையடுத்து பட்டறையின் சொந்த அடையாளம். ஹைல்பிரானில் இருந்த புருக்மான் கம்பெனிக்குக் கழுகு. இதில் எனக்குப் பிடித்த விஷயம், இந்தப் பிறையையும் கிரீடத்தையும் அரசாங்க அதிகாரி யாரும் வந்து குத்துவதில்லை. செய்தவனே குத்திக்கொள்ள வேண்டும். பொய் என்று தெரிந்தால் அவன்தான் மாட்டுவான். தன் யோக்கியதைக்குத் தானே சான்றிதழ், தண்டனையும் தனக்கே!

‘‘நம்ம ஆளுங்க கையில குடுத்தா...’’ என்று இழுத்தார் நண்பர்.

ஜெர்மன்காரனும் மனுஷன்தானே. ஹனாவ் என்று ஓர் ஊர். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அங்கிருந்த பட்டறைகள், இருநூறு வருஷப் பழசு மாதிரி வெள்ளிச் சாமான் செய்து, அதற்குத் தகுந்தாற்போல் இல்லாத ஊருக்கு, இல்லாத பட்டறைக்கு முத்திரைகளைக் கற்பனை செய்து குத்தின. வெள்ளி நிஜம். வேலைப்பாடும் பிரமாதம். முத்திரை மட்டும் புளுகு. இன்றைக்கும் அதைப் பார்த்து 17-ம் நூற்றாண்டு என்று நம்பி ஏமாறுகிறவர்கள் உண்டு.

பொய்யே சொல்லாத முத்திரையை நாமாகவே தப்பாகப் படித்துக்கொள்வது இன்னொரு ரகம். டபிள்யூ.எம்.எஃப். என்கிற ஜெர்மன் கம்பெனியின் கரண்டியில் 90 என்று இருக்கும். மூர் மார்க்கெட்டில் அதைப் பார்த்துவிட்டு, ‘அடேயப்பா, 90 சதவிகிதம் வெள்ளி!’ என்று குதித்து, பேரம்கூடப் பேசாமல் வாங்கிவந்தேன். பிறகுதான் தெரிந்தது. ஒரு டஜன் கரண்டியும் ஒரு டஜன் முள்கரண்டியும் முலாம் பூச மொத்தமாகச் செலவான வெள்ளி 90 கிராம் என்று கம்பெனி ஒளிவுமறைவில்லாமல் எழுதிவைத்திருக்கிறது. ஆசைதான் சதவிகிதக் குறியைச் சேர்த்துக்கொண்டது.

நம்ம வீட்டு ‘ஜெர்மன் சில்வர்’ அதைவிடக் கூத்து. பாதிக்கு மேல் செம்பு, மிச்சம் நிக்கல், துத்தநாகம். வெள்ளி ஒரு குந்துமணிகூடக் கிடையாது. சீனாக்காரர்கள் ‘வெள்ளைச் செம்பு’ என்று நேர்மையாகப் பெயர் வைத்திருந்த உலோகம் அது. அதைப் பார்த்து 1820-களில் ஜெர்மனியில் செய்யக் கற்றுக்கொண்டார்கள். பெர்லினில் வைத்த பெயர் ‘புது வெள்ளி’. இன்னொரு வியாபாரப் பெயர் ‘அல்பாக்கா’. ‘வெள்ளி’ ஒட்டிய பெயர்தான் ஊர் ஊராகப் பரவியது. வெள்ளிமலையில் வெள்ளிச் சுரங்கம் இருக்கிறதா என்ன? அந்த மாதிரிதான். ஆனால், மலை யாரிடமும் அடகுக்குப் போவதில்லை.

மலைப்பாதை ஆரம்பித்தது. இரண்டாவது வளைவில் நண்பர் விஷயத்துக்கு வந்தார்.

‘‘சார், அந்தத் தட்டு வெள்ளி இல்லை. எனக்கு இருபது வருஷமாத் தெரியும்.’’

‘‘அப்புறம் என்னை எதுக்கு வரச் சொன்னீங்க?’’

‘‘நீங்க வெள்ளின்னு சொல்லணும்.’’

பேத்தி நர்ஸிங் படிக்கிறாள். பீஸ் கட்ட வேண்டும். அக்காவுக்குப் பணம் கொடுத்தால் வாங்க மாட்டார். பிறந்த வீட்டில் கை நீட்டுவதில்லை என்று ஒரு வைராக்கியம். 2025-ல் வெள்ளி விலை தாறுமாறாக ஏறிய செய்தியைக் கேட்டுவிட்டு, அம்மா சீர் கொடுத்த தட்டை விற்கிறேன் என்கிறார். ‘வெளியே எதுக்குக்கா, நானே எடுத்துக்கறேன்’ என்று தம்பி சொல்லிவிட்டார். இனி அது வெள்ளி என்று விவரம் தெரிந்த ஓர் ஆள் சொல்ல வேண்டும். எடை போட்டு அன்றைய விலைக்குப் பணத்தைக் கொடுத்துவிடுவார்.

‘‘யாருக்கு சார் நஷ்டம்? எனக்குத்தான். நான்தான் சந்தோஷமா ஏத்துக்கறேனே. குத்தமில்லாத நன்மை கிடைக்கும்னா பொய்யையும் வாய்மை பக்கத்துல உட்கார வைக்கலாம்னு வள்ளுவரே அனுமதி குடுத்துட்டாரு.’’

தமிழாசிரியரிடம் வள்ளுவரை வைத்து வாதாட முடியுமா? நான் பேசாமல் வந்தேன்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? யோசித்துப் பாருங்கள். நல்ல பொய். ஒரு பெண்ணின் படிப்பு. ஓர் அம்மாள் கௌரவம். தம்பியின் பாசம். இத்தனைக்கும் நடுவில் ‘உண்மை, உண்மை’ என்று பூதக்கண்ணாடியை ஆட்டிக்கொண்டு நிற்பது அழகாகவா இருக்கும்? எனக்கும் முக்கால்வாசி மனசு சம்மதித்துவிட்டது. மிச்சம் கால்வாசியில் ஒரு முள். நான் ‘வெள்ளி’ என்று சொன்னால் அந்தச் சொல் இந்த மலையோடு நிற்காது. அக்கா அடுத்த வீட்டில் சொல்வார். பேத்தியிடம் சொல்வார். ‘இதே மாதிரி தட்டு உங்ககிட்டயும் இருக்கே, வெள்ளிதான், மெட்ராஸ்காரர் பார்த்துச் சொன்னார்’ என்று யாரிடமோ சொல்வார். அந்த யாரோ ஒருத்தருக்கு அன்பான தம்பி இருக்க மாட்டான். அடகுக்கடைக்குத்தான் போவார். ஹனாவ் பட்டறைக்காரன் மேஜை அலங்காரத்துக்காகக் குத்திய கற்பனை முத்திரை, நூறு வருஷம் கழித்து முகம் தெரியாத எவன் பணத்தையோ முழுங்கவில்லையா? பொய்க்கு நான் உத்தரவாதம் கொடுக்கலாம். அது போய்ச் சேரும் இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போய்ப் பதில் சொல்ல என்னால் ஆகாது.

இப்படியெல்லாம் யோசித்தேனே தவிர, வீட்டு வாசலில் இறங்கும்போதும் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது.

அக்காவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ‘‘வா தம்பி, மலை ஏறி வந்தது தலை சுத்துதா?’’ என்று மோர் கொடுத்தார். பிறகு பழைய பட்டுத்துணியில் சுற்றிய தட்டை எடுத்துவந்து என் மடியில் வைத்தார்.

முட்டை வடிவத் தட்டு. விளிம்பில் திராட்சைக் கொடி. யாரோ துரை வீட்டில் கேக் வைத்துப் பரிமாறியதாக இருக்கும். பாண்டிச்சேரியில் ஓர் ஏலத்தில் அவர்கள் அப்பா வாங்கினாராம். இங்கே அது கல்யாணத்துக்குக் கல்யாணம் சந்தனத் தட்டாகப் போய்வந்திருக்கிறது. தேய்ந்த ஓரங்களில் லேசாக மஞ்சள் தட்டியது. வெள்ளி கறுக்கும். இப்படி மஞ்சள் காட்டாது. திருப்பினேன். கண்ணாடியே தேவைப்படவில்லை. அல்பாக்கா. கீழே, மேட் இன் ஜெர்மனி.

அந்த ‘மேட் இன் ஜெர்மனி’க்கும் ஒரு கதை உண்டு. அந்நியச் சரக்கு எந்த நாட்டுச் சரக்கு என்று தெரிய வேண்டும் என்று 1887-ல் பிரிட்டிஷ்காரர்கள் சட்டம் போட்டார்கள். ஜெர்மன்காரனின் மட்டமான போலிச் சரக்கு, ஜாக்கிரதை என்று ஜனங்களுக்குக் காட்டிக்கொடுக்கத்தான். சரக்கு நன்றாக இருந்துவிட்டது. அவமானத்துக்காகக் குத்தச் சொன்ன முத்திரையே கொஞ்ச காலத்தில் தர முத்திரை ஆகிவிட்டது.

இது எல்லாவற்றையும்விடப் பெரிதாக, தட்டின் அடியில் நடுநாயகமாக, உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டிய தமிழ் எழுத்துகள். அக்காவின் பெயர். அதற்குக் கீழே ‘அம்மா அன்பளிப்பு’. தேதி 12.9.71.

பாத்திரக்கடையில் ‘பேர் வெட்டணுமா?’ என்று கேட்பார்களே, அது. நம்ம ஊர் முத்திரை அதுதான். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் குவிரன், ஆதன் என்றெல்லாம் கீறியிருக்கிறார்கள். அவை பானைக்குச் சொந்தக்காரர்களின் பெயர் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். குயவன் பெயர் யாருக்கும் தெரியாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லன் என்கிற ராஜராஜப் பெருந்தச்சன் பெயர் இருக்கிறதென்றால், அது அபூர்வம். நமக்கு யார் செய்தார்கள் என்பதைவிட யார் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்பதுதான் முக்கியமாக இருந்திருக்கிறது. தங்கத்திலேயே பாருங்கள். முன்பெல்லாம் ஹால்மார்க் நகையில் கடைக்காரரின் முத்திரையும் தனியாகத் தெரியும். 2021-ல் வந்த புது முறையில் பி.ஐ.எஸ். சின்னம், தரம், ஆறு இலக்கக் குறியீடு. அந்த ஆறு எழுத்தை செல்போனில் தட்டினால்தான் கடைக்காரர் பெயர் வரும். வசதிதான். ஆனால், பேர் வெட்டிய சொம்பு மாதிரி அது பேசுமா?

‘‘என்ன தம்பி, அடியில என்ன எழுதியிருக்கு?’’

நண்பர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி நின்றார். காது மட்டும் இங்கே.

‘‘அல்பாக்கான்னு எழுதியிருக்குக்கா’’ என்றேன். முகவரி படிக்கிற தபால்காரர் மாதிரி அதை மட்டும் படித்தேன்.

‘‘அப்படின்னா?’’

நண்பர் திரும்பினார். அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது.

‘‘ஜெர்மன் சில்வர்க்கா. வெள்ளி இல்லை.’’

அக்கா முகத்தில் ஒன்றும் மாறவில்லை. தம்பியைப் பார்த்துத்தான் பேசினார். ‘‘கேட்டியாடா? காசைக் கொண்டாந்து கொட்டுறேன்னு நின்னியே. இப்பவாவது நம்புறியா?’’

எனக்குப் புரியவில்லை. நண்பருக்கும்.

‘‘எனக்குத் தெரியும் தம்பி’’ என்று என் பக்கம் திரும்பினார். ‘‘1984-ல பெரியவளுக்கு டைபாய்டு. இதைத் தூக்கிக்கிட்டுக் கீழ இறங்கி அடகுக்கடைக்குப் போனேன். ஓரத்துல உரசிப் பார்த்துட்டு, வெள்ளி இல்லம்மான்னு கையில குடுத்துட்டான்.’’

‘‘அப்ப விக்கிறேன்னு சொன்னது..?’’

‘‘ஏதோ ரெண்டாயிரம் மூவாயிரம் வந்தா வரட்டும், பழைய பாத்திரக்காரன்கிட்டப் போடலாம்னு சொன்னேன். இவன் குறுக்கே வந்து, வெள்ளி விலைக்கு நான் எடுத்துக்கறேன்றான். பாவம், வெள்ளின்னே நம்பிக்கிட்டிருக்கான் போல. நான் சொன்னா, கூச்சத்துல சொல்றேன்னு நினைப்பான். அதான் விவரம் தெரிஞ்சவங்க யாரையாவது கூட்டிட்டு வாடான்னு சொன்னேன்.’’

நண்பர் தரையைப் பார்த்தார். இருபது வருஷமாக அக்காவிடமிருந்து அவர் மறைத்ததை, நாற்பது வருஷமாக அக்கா அவரிடமிருந்து மறைத்திருக்கிறார். நடுவில் மோர் டம்ளரோடு நான்.

‘‘அம்மாகிட்ட இதைக் கேட்டீங்களா?’’ என்றேன்.

‘‘எதுக்குக் கேக்கணும்? அவங்க ஜெர்மன் வெள்ளின்னு சொல்லித்தான் குடுத்தாங்க. மாமியார் வீட்டுல சொல்றப்ப நான்தான் ஜெர்மனை விட்டுட்டேன்.’’

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

சாப்பாடு ஆயிற்று. சாமைச் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு. கிளம்பும் நேரத்தில் நண்பர் கொண்டுவந்திருந்த கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார். அக்கா அதைத் தொடவில்லை. உள்ளே போய், பேத்தியின் பழைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்தார்.

‘‘கடனா வாங்கிக்கறேன். எழுது.’’

‘‘என்னக்கா இது? என்கிட்டயா?’’

‘‘எழுதுடா. எவ்வளவு, எப்ப திருப்பித் தருவேன், எல்லாத்தையும் எழுது. அவ வேலைக்குப் போனதும் மாசா மாசம் குடுப்பா.’’

தமிழாசிரியர் எழுதினார். கை கொஞ்சம் நடுங்கியது. எழுத்து மட்டும் கரும்பலகை எழுத்து மாதிரி திருத்தமாக இருந்தது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். ‘ர’வுக்குக் கீழே கொஞ்சம் நீளமாக இழுத்தார். தட்டின் அடியிலும் அந்த ‘ர’ அப்படித்தான் இருந்தது.

‘‘சாட்சிக்கு நீயும் ஒண்ணு போடு தம்பி’’ என்று தாளை என் பக்கம் தள்ளினார்.